பழைய பரோலோ: திறப்பது, ருசிப்பது, சாப்பாட்டோடு சேர்ப்பது

இருபது வருடம் பத்திரமாக இருந்த பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினின் பாட்டில் பாழாவது பெரும்பாலும் அதன் கடைசி சில மணி நேரத்தில்தான். அலமாரியிலிருந்து எடுத்த கையோடு வண்டல் கலங்கக் கலங்கத் திறப்பார்கள். வீட்டுச் சூட்டிலேயே ஊற்றுவார்கள். சிவப்பு ஒயின் என்றால் காற்றாட விட வேண்டும் என்று எங்கோ கேட்டதை நம்பி அகன்ற குடுவையில் கொட்டி மூன்று மணி நேரம் மறந்துவிடுவார்கள். கடைசியில், விலை உயர்ந்த ஒயினுக்கு விருந்தும் பலமாக இருக்க வேண்டும் என்று மசாலா தூக்கலான கறியைக் கொண்டுவந்து வைப்பார்கள். இந்தக் கடைசித் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒயினுக்கு வயது ஏற ஏற, தட்டில் இருப்பது எளிமையாகிக்கொண்டே போக வேண்டும்.

கீழே சொல்வது எல்லாம் பத்து வருடம் தாண்டிய பரோலோவுக்கு. அதே திராட்சையில் செய்யும் அண்டை ஒயினான பார்பரெஸ்கோவுக்கும் அப்படியே பொருந்தும், வயதுக் கணக்கில் மட்டும் மூன்று நான்கு வருடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலுக்குள் என்ன நடந்திருக்கிறது

வடமேற்கு இத்தாலியின் பியமோன்ட்டே மாநிலத்தில், அல்பா நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் லாங்கே குன்றுகளில் 11 ஊராட்சிகளின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோ திராட்சையில் மட்டும் செய்ததுதான் பரோலோ. வேறு திராட்சை ஒரு சொட்டும் சேரக் கூடாது. 1980-ல் இதற்கு டி.ஓ.சி.ஜி. என்ற, இத்தாலிய ஒயினுக்கான உச்சத் தகுதி கிடைத்தது. இன்றைய விதிப்படி, அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் கணக்கிட்டு 38 மாதம் முதிர வேண்டும்; அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். லேபிளில் ரிசெர்வா (கூடுதலாக முதிர்ந்தது) என்று போட்டிருந்தால் 62 மாதம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், அதில் 9 மாதம் மரம்.

நெபியோலோவில் நிறம் குறைவு, துவர்ப்பும் புளிப்பும் மிக அதிகம். கிளாஸில் பார்த்தால் சாது மாதிரி வெளிறிக் கிடக்கும். வாயில் வைத்தால் ஈறைப் பிடித்து இழுக்கும். இந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் வருடக்கணக்கில் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் இணைந்து கனத்து, ஒரு கட்டத்தில் அடியில் வண்டலாகப் படிகின்றன. அதனால் பழைய ஒயினில் துவர்ப்பு மெல்லியதாகிறது, நிறம் செங்கல் பக்கம் சாய்கிறது. செர்ரி, ராஸ்பெர்ரி மாதிரியான பழ மணம் பின்வாங்கி, காய்ந்த ரோஜா இதழ், தார், அதிமதுரம், தோல், புகையிலை, காட்டு மண், உலர்ந்த ஆரஞ்சுத் தோல் முன்னுக்கு வருகின்றன.

ஆனால் புளிப்பு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஆகவே முதிர்ந்த பரோலோ என்பது உடம்பு இளைத்த, மணம் பெருத்த, புளிப்பு குறையாத ஒயின். அதற்கு எந்த உணவு சேரும், எது சேராது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகிறது.

லேபிளையும் மட்டத்தையும் படிப்பது

லேபிளில் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1996, 2006 இரண்டும் கடுமையான துவர்ப்புள்ள, மெதுவாக இளகும் ஆண்டுகள். 1999, 2001, 2004, 2010, 2016 எல்லோரும் மதிக்கும் ஆண்டுகள்; அவற்றில் 2004 மணத்துக்காகப் பேர் வாங்கியது. 2003-ல் ஐரோப்பாவையே வாட்டிய கோடை, அதனால் அந்த ஆண்டின் பல பாட்டில்கள் சீக்கிரமே களைத்துவிட்டன. 2002-ல் மழையும் ஆலங்கட்டியும் தோட்டங்களை அடித்துப் போட்டதால் பலர் தங்கள் உயர்ந்த லேபிள்களை வெளியிடவே இல்லை. ஆனாலும் ஜாகோமோ கொன்டெர்னோ நிறுவனத்தார் அதே 2002 அறுவடையிலிருந்து தங்கள் உயர்ந்த பரோலோவான மோன்ஃபோர்ட்டினோவைச் செய்தார்கள், அது இன்றும் உயர்வாகப் பேசப்படுகிறது. ஆண்டுப் பட்டியலை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது ஊர். லா மோர்ரா, பரோலோ ஊர்களின் பக்கம் செய்யும் ஒயின்கள் பொதுவாகச் சீக்கிரம் மென்மையாகும். செர்ராலுங்கா தால்பா, மோன்ஃபோர்ட்டே தால்பா ஊர்களின் ஒயினுக்கு எலும்பு கெட்டி, இளகக் கூடுதலாக ஐந்தாறு வருடம் பிடிக்கும். மண் வேறு, தோட்டங்களின் உயரமும் சரிவும் வேறு. ஊருக்குள்ளேயே தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்பதால், 2010-லிருந்து தோட்டப் பெயர்களுக்கு அதிகாரபூர்வப் பட்டியலும் எல்லையும் வந்துவிட்டன.

மூன்றாவது, செய்தவரின் பாணி. 1980-களிலும் 90-களிலும் அங்கே பெரிய சண்டையே நடந்தது. ஒரு பக்கம், திராட்சைத் தோலோடு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பெரிய பீப்பாய்களில் முதிர விடுபவர்கள். பார்ட்டோலோ மஸ்கரெல்லோ இந்தப் பக்கத்தின் முகம். மறுபக்கம், குறைந்த நாள் ஊறவைத்து 225 லிட்டர் புது ஓக் பீப்பாயில் அடைப்பவர்கள். எலியோ அல்தாரே இந்தப் பக்கம். இன்று பெரும்பாலோர் நடுவில் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனால் 1990-களின் பாட்டிலைத் திறக்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் தெரியும்: சின்னப் பீப்பாயில் முதிர்ந்தது வனிலா, காப்பிக்கொட்டை வாசனையோடு கொஞ்சம் தடிப்பாக இருக்கும், நெருப்பில் வாட்டிய இறைச்சியைத் தாங்கும். பெரிய பீப்பாயில் முதிர்ந்தது மெலிதாக, மலர் மணத்தோடு இருக்கும்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து ஒயினின் மட்டத்தையும் பாருங்கள். நிறுத்தி வைத்த பாட்டிலில் தக்கையின் அடிக்கும் ஒயினுக்கும் இடையே 2 முதல் 3 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், இருபது வருடப் பாட்டிலுக்கு அது சகஜம். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்; வாங்கும் முன் எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். தக்கை வாயைவிட்டு மேலே துருத்தியிருந்தாலோ, மூடியுறைக்குக் கீழே பிசுபிசுவென்று வழிந்த தடம் இருந்தாலோ அது சூடு பட்ட பாட்டில். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள்

படுக்கவைத்திருந்த பாட்டிலை 48 மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். நெபியோலோ வண்டல் மிகப் பொடி. ஒருமுறை கலங்கினால் ஓரிரு மணி நேரத்தில் தெளியாது. கலங்கிய ஒயினைக் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கசக்கும். வருடக்கணக்கில் ஒயினைவிட்டு விலகிய துவர்ப்பை நாமே திரும்பக் கலக்கிக் குடிக்கிற மாதிரி.

வெப்பநிலை விஷயத்தில் மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் 'அறை வெப்பம்' நமக்கு ஆகாது. அது 18 டிகிரி கல் வீடுகளின் கணக்கு. சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ அறை வெப்பம் 30-ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஊற்றிய பரோலோவில் 14 சதவீத ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். கிளாஸில் 16 முதல் 18 டிகிரி இருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் போன பாட்டிலுக்கு 16 பக்கமே இருக்கட்டும். ஊற்றும்போது 14 அல்லது 15-ல் ஊற்றினால், வெப்பமான ஊரில் அது தானாகவே இந்த அளவுக்கு ஏறிவிடும். 30 டிகிரியில் இருக்கும் பாட்டிலை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வைத்தால் இந்த இடத்துக்கு வரும். சமையலறைத் தெர்மாமீட்டரை முதல் கிளாஸில் விட்டுப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஃபிரீசர் வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போனால் துவர்ப்பு முள்ளாகக் குத்தும், மணம் அடங்கிப்போகும்.

கிளாஸ் பெரிய வயிறும் சற்றே குறுகிய வாயும் உள்ளதாக இருக்கட்டும், 600 மில்லி பிடிக்கிற அளவில். அதில் ருசிக்க 50 மில்லி, சாப்பாட்டோடு 100 முதல் 120 மில்லி போதும். ஒரு பாட்டில் நான்கு பேருக்கு வரும். கிளாஸைப் பாத்திர சோப்பு வாசனை இல்லாமல் வெந்நீரில் அலசி, குப்புறக் கவிழ்த்து அலமாரியில் மூடி வைக்காமல் காற்றில் உலர விடுங்கள். மர அலமாரியின் வாசனை கிளாஸில் தங்கிவிட்டால், ஒயினைக் குறை சொல்லும் நிலை வரும்.

தக்கை

பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட தக்கையின் அடிப்பகுதி ஊறி மெத்தென்றும் மேற்பகுதி காய்ந்து பொடிந்தும் இருக்கும். சாதாரணத் திருகை நடுவில் விட்டு இழுத்தால் பாதியில் உடையும். இதற்கென்றே இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள கருவி கிடைக்கிறது. தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீளமான தகட்டை முதலில் இறக்கி, பிறகு குட்டைத் தகட்டையும் விட்டு, இடவலமாக அசைத்து அசைத்துக் கீழே கொண்டுபோய், திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். ஆரம்பத்தில் அழுத்தம் கூடினால் தக்கை உள்ளே போய்விடும்; தகடுகளை அசைக்காமல் நேராகக் குத்துவதுதான் அதற்குக் காரணம். திருகும் தகடும் சேர்ந்த கருவி கையில் இருந்தால் இன்னும் பத்திரம்.

மூடியுறையை வாயின் தடித்த வளையத்துக்குக் கீழே வெட்டி முழுதாக எடுத்துவிடுங்கள். தக்கையின் தலையில் கறுப்பாகப் பூசணம் இருந்தால் பயப்படாதீர்கள், ஈரமான நிலவறையில் இருந்ததற்கு அடையாளம் அது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு இழுங்கள். தக்கை எடுத்த பிறகு வாயின் உட்புறத்தையும் துடையுங்கள். தக்கை உள்ளே விழுந்துவிட்டால் வெந்நீரில் அலசிய மெல்லிய சல்லடை வழியே ஊற்றுங்கள். காப்பி வடிதாள் வேண்டாம், அதன் காகித வாசனை ஒயினில் ஏறும்.

காற்று எவ்வளவு, எப்போது

இந்த இடத்தில் ஆளுக்கொரு கட்சி. வண்டலைப் பிரிப்பது ஒரு வேலை, காற்றுப் பட விடுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம். பத்து முதல் பதினைந்து வருடப் பரோலோவுக்குக் காற்று தேவை. டிகேன்டர் என்ற அகன்ற குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் விடலாம். பதினைந்து முதல் இருபத்தைந்து வரையுள்ள பாட்டிலுக்கு மெதுவான முறைதான் நல்லது: மூன்று நான்கு மணி நேரம் முன்பே தக்கையை எடுத்து, 40 மில்லி ஊற்றி எடுத்துவிட்டு, தோள் வரை காற்றுப் படும்படி பாட்டிலைக் குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தியே வைப்பது. முப்பது வருடம் தாண்டியதை உட்காரும் முன் திறந்து, வண்டலை மட்டும் பிரித்து, உடனே ஊற்றிவிட வேண்டும். அதன் மணம் சில சமயம் முதல் நாற்பது நிமிடம்தான் நிற்கும்.

ஊற்றி எடுத்த அந்த 40 மில்லியைக் கீழே கொட்டாதீர்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும். மணமே இல்லாமல், ஈறை இறுக்கினால் டிகேன்டர் வேண்டும். ஏற்கெனவே மணம் விரிந்து, துவர்ப்பு மெத்தென்றிருந்தால் பாட்டிலைத் தொடாமல் விடுங்கள், சாப்பாட்டு நேரத்தை முன்னுக்கு இழுங்கள்.

வண்டல் பிரிக்கும்போது பாட்டிலின் கழுத்துக்குக் கீழே கைபேசி விளக்கை எரிய விட்டு வையுங்கள். பாட்டிலை ஒரே கோணத்தில், நிறுத்தாமல், நூலாக ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தினால் அலை திரும்பி அடிவண்டலைக் கிளப்பிவிடும். முதலில் தெளிவாக வரும். பிறகு கழுத்துக்கு அருகே புகை மாதிரி ஒரு கோடு நகரும். அது தோளைத் தாண்டிக் கழுத்துக்குள் நுழைந்ததும் நிறுத்துங்கள். 40 முதல் 60 மில்லி மிஞ்சும்.

உதாரணத்துக்கு, செர்ராலுங்காவின் 2004 பாட்டில் ஒன்று, இரவு எட்டு மணிச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் முன்பே நிமிர்த்தியாயிற்று. மதியம் இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜில் வைக்கிறோம். நான்கு மணிக்குத் தக்கை. முதல் முகர்தலில் நிலவறை வாசனையும் இரும்பும்தான், பழம் இல்லை. துவர்ப்பு மேல் ஈறில் நன்றாகவே பிடிக்கிறது. நான்கரைக்கு அதே கிளாஸில் நிலவறை வாசனை போய், தாரும் அதிமதுரமும் எட்டிப் பார்க்கின்றன. நல்ல அறிகுறி, ஆனால் இன்னும் இறுக்கம். பாட்டிலை 16 டிகிரிக்கு மேல் ஏறாமல் குளிர்ந்த இடத்தில் விடுகிறோம். ஏழே காலுக்கு டிகேன்டர், எட்டுக்கு ஊற்றல். எட்டரை மணிக்குத்தான் ரோஜா வரும். அதுவரை பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் குடித்துத் தீர்ப்பவர்களுக்கு அந்த ஒயினின் சிறந்த பாதி கிடைக்காது.

ருசிக்கும் முறை

நிறம்: வெள்ளைத் துணிக்கு மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். பரோலோ பத்து வயதிலேயே ஆரஞ்சு விளிம்போடு வெளிறி இருப்பது அதன் இயல்பு. பிரான்ஸின் போர்தோ ஒயின் பழகியவர்கள் இதைப் பார்த்து 'முடிந்துபோன பாட்டில்' என்று அவசரப்படுவார்கள். தெளிவும் பளபளப்பும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். செங்கல் நிறமாக இருந்தாலும் மின்னினால் உயிரோடு இருக்கிறது. மங்கிய தேநீர்க் கறுப்பாக இருந்தால் சந்தேகம்.

மணம்: முதலில் கிளாஸைச் சுழற்றாமலே முகருங்கள். பழைய ஒயினின் மெல்லிய மணங்கள் முதலில் அப்படித்தான் வரும். பிறகு மெதுவாக இரண்டு சுற்று. நீண்ட இழுப்பாக இழுக்காமல், குட்டிக் குட்டியாக மூன்று நான்கு முறை முகருங்கள். மூக்கு சீக்கிரம் மரத்துவிடும்.

வாய்: ஒரு சின்ன மடக்கு, 10 மில்லி அளவு. ஐந்தாறு நொடி நாக்கில் உருட்டி, உதட்டிடுக்கில் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். பிறகு மூன்று கேள்விகள் மட்டும். துவர்ப்பு எங்கே பிடிக்கிறது? முன் ஈறு, உதட்டின் உட்புறம் என்று இறுக்கினால் இன்னும் கடினம். நாக்கு முழுக்க மாவு தடவிய மாதிரி பரவினால் முதிர்ந்துவிட்டது. புளிப்பு எச்சில் ஊற வைக்கிறதா, பல்லைக் கூச வைக்கிறதா? விழுங்கிய பின் மணம் எத்தனை நொடி நிற்கிறது? நல்ல பரோலோவில் முப்பது நொடிக்கு மேலும் ரோஜாவும் தாரும் மூக்கின் பின்னால் நிற்கும். உங்கள் மெனுவை முடிவு செய்ய முதல் இரண்டு பதில்கள் போதும்.

கெட்டுப்போனது என்றால் எப்படித் தெரியும்? ஈர அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த துணி வாசனை வந்து, பத்து நிமிடத்தில் குறையாமல் கூடினால் அது டி.சி.ஏ. என்ற பொருளால் வந்த தக்கை நோய். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், பழ மணத்தை மொத்தமாக அமுக்கிவிடும். அதற்கு மருந்து இல்லை. அடிபட்டுப் பழுத்த ஆப்பிள், வால்நட் வாசனையோடு தட்டையாக இருந்தால் காற்றேறிவிட்டது. நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை கொஞ்சமாக இருந்தால் பழைய பாணிப் பரோலோவில் பொறுத்துக்கொள்ளலாம், மணத்தைத் தூக்கிக்கூடக் கொடுக்கும். கண்ணில் எரிச்சல் வருமளவு இருந்தால் வினிகராகிக்கொண்டிருக்கிறது. குதிரை லாயமும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரும் கலந்த வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. தீக்குச்சி, அவித்த முட்டை வாசனை மட்டும்தான் நல்ல செய்தி: காற்றுப் பட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் போய்விடும்.

சாப்பாடு: ஏன் சேர்கிறது, ஏன் சண்டை போடுகிறது

டானின்கள் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி வாயில் இருந்தால் அவற்றின் புரதத்தைப் பற்றும், நம் எச்சிலை விட்டுவிடும். கொழுப்பு வாயில் பூச்சாகப் படிந்து காக்கும். உப்பு கசப்பைத் தணிக்கும், பழச்சுவையை முன்னுக்குத் தள்ளும். இவை மூன்றும் ஒயினுக்குத் துணை. இனிப்பு ஒயினைப் புளிக்க வைக்கும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் சேர்த்து ஏற்றும். எண்ணெய்ச் சத்துள்ள மீனோடு குடித்தால் ஒயினில் இருக்கும் இரும்பு கவிச்சியைக் கிளப்பும்.

இதைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட ஒரு தட்டில் சோதித்துப் பார்ப்பது மேல். உப்பு வெண்ணெய் தடவிய அரை வேக்காட்டு முட்டை மஞ்சள் கரு, 24 மாதம் முதிர்ந்த பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி ஒரு துண்டு, ஒரு வில்லை தக்காளி, ஒரு துண்டு கறுப்புச் சாக்லேட். ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்கு ஒயின், ஒரு வாய் உணவு, மறுபடி ஒரு மடக்கு; நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும். மஞ்சள் கருவுக்குப் பிறகு ஒயின் வழவழப்பாகும், ரோஜா தெரியும். பார்மிஜானோ துவர்ப்பை மழுக்கி நடுவில் இனிப்புத் தட்ட வைக்கும். தக்காளிக்குப் பிறகு ஒயினும் தக்காளியும் இரண்டும் இரும்பாக ருசிக்கும். சாக்லேட்டுக்குப் பிறகு நூறு யூரோ ஒயின் புளித்த தண்ணீர்.

வயதுக்கேற்ற தட்டு

பத்து முதல் பதினெட்டு வயது வரை பரோலோவுக்கு இன்னும் தெம்பு இருக்கும். அந்த ஊரின் பிரசாட்டோ இதற்குத்தான்: ஒயினில் ஊறி மெதுவாக வெந்த மாட்டு முன்தோள். 1.5 கிலோ முழுத் துண்டை ஒரு வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு செலரித் தண்டு, இரண்டு பிரியாணி இலை, மூன்று கிராம்பு, விரல் மூட்டு நீளப் பட்டை, எட்டு மிளகு ஆகியவற்றோடு ஒரு பாட்டில் இளம் ஒயினில் ஃபிரிட்ஜில் 12 மணி நேரம் ஊறவைக்கிறார்கள். எடுத்து, துணியால் ஒற்றி நன்றாக உலர்த்தி, வெண்ணெயும் எண்ணெயும் சேர்த்து எல்லாப் பக்கமும் கால் மணி நேரம் சிவக்க வறுத்து, வடித்த காய்களையும் வதக்கி, கொதிக்க வைத்த ஒயினை ஊற்றி, மூடி, மூன்று மணி நேரம் சிறு தீயில் விட வேண்டும். குமிழி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வர வேண்டும். தளதளவென்று கொதித்தால் இறைச்சி நார் நாராக வறண்டுவிடும். ஈரத்தோடு வறுத்தால் சிவக்காமல் அவிந்துவிடும். கடைசியில் பட்டை கிராம்பை எடுத்துவிட்டு, காய்களை அரைத்து, சாற்றைக் கரண்டியின் முதுகில் படியும் வரை சுண்டவைக்க வேண்டும். சுண்டாத சாற்றின் பச்சைப் புளிப்பு ஒயினோடு மோதும். பாத்திரத்தில் ஊற்றுவதற்கு லாங்கே நெபியோலோ, பார்பேரா மாதிரியான அந்தப் பகுதியின் எளிய சிவப்பு ஒயின் போதும். பழைய பரோலோவைக் கொதிக்க வைத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மணம் சில நிமிடத்தில் புகைபோக்கி வழியே போய்விடும்.

பதினெட்டு முதல் முப்பது வயதில் பிரசாட்டோவின் தடித்த சாறு ஒயினை மூடிவிடும். இந்த வயதுக்குத் தாயரின் வேண்டும்: ஒரு கிலோ மாவுக்கு 30, 40 மஞ்சள் கரு வரை போட்டுப் பிசைந்து, 2 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிய பாஸ்தா. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம்தான். வெண்ணெயில் புரட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் மேலே அல்பா வெள்ளை ட்ரஃபிள் காளானைப் பச்சையாகச் சீவித் தூவுகிறார்கள், தட்டுக்கு 8 முதல் 10 கிராம். ட்ரஃபிளை வேகவைக்கக் கூடாது, சூடான பாஸ்தாவின் ஆவியே போதும். வெண்ணெயைப் பழுப்பாக்க வேண்டாம். கருகல் வாசனை பழைய ஒயினின் மேல் ஏறி உட்காரும். அன்யொலோத்தி தெல் ப்ளின் என்ற, கிள்ளி மூடிய குட்டி இறைச்சிப் பொட்டலங்களை வறுத்த இறைச்சியின் சாற்றோடு பரிமாறுவதும் இந்த வயதுக்குச் சேரும். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஃபோந்தூத்தா: ஃபோன்டினா பாலாடைக்கட்டி 400 கிராமை இரவு முழுவதும் பாலில் ஊறவைத்து, நான்கு மஞ்சள் கருவும் கொஞ்சம் வெண்ணெயும் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குவது. சூடு அதிகமானால் முட்டை திரிந்து கட்டி கட்டியாகும், ஆகவே கிண்டுவதை நிறுத்தாதீர்கள்.

முப்பது தாண்டியதற்கு இன்னும் குறைவு. உப்பு மட்டும் போட்டு வாட்டிய கன்றிறைச்சி, அல்லது வெண்ணெய் ரிசோட்டோ என்ற குழைந்த அரிசிச் சோறு, அல்லது வெறும் ரொட்டியும் பார்மிஜானோவும். விருந்தாளி வருகிறார் என்று கூச்சப்பட்டுக் கூடுதலாக ஒரு குழம்பு வைத்தால், அந்த ஒயினைத் திறந்ததற்கே அர்த்தமில்லை. நம் ஊர்ச் சமையலில் புளி, மிளகாய், தேங்காய் மூன்றும் சேர்ந்த எதுவும் எந்த வயதுப் பரோலோவோடும் சேராது. அதில் நம் சமையலுக்கும் குறைவில்லை, ஒயினுக்கும் குறைவில்லை. ஒரே மேசையில் வைக்காமல் இருந்தால் போதும்.

பாலாடைக்கட்டியில், உதிரும் பதத்தில் இருக்கும் காஸ்டெல்மான்யோ இளமையாக இருக்கும்போது நல்ல துணை. முதிர்ந்து நீலப் பூசணம் ஓடியது என்றால் பழைய ஒயினைக் கசக்க வைக்கும், கொர்கொன்சோலாவும் அப்படியே.

விருந்தின் வரிசை

பரோலோவை எல்லா உணவுக்கும் இழுக்காதீர்கள். பியமோன்ட்டேயில் வரிசை வேறு: தொடுகறிகளோடு அல்தா லாங்கா நுரை ஒயினோ டோல்செட்டோ என்ற எளிய சிவப்பு ஒயினோ, நெத்திலியும் பூண்டும் எண்ணெயும் சேர்ந்த பாஞ்ஞா காவ்தாவுக்குப் பார்பேரா, பிறகுதான் பரோலோ, கடைசி மடக்கு பாலாடைக்கட்டியோடு. இனிப்புக்கு மொஸ்காட்டோ தாஸ்டி என்ற இனிப்பு நுரை ஒயின். சாக்லேட் வேண்டுமென்றே அடம் பிடிப்பவர்களுக்காகப் பரோலோ கினாத்தோ இருக்கிறது. சின்கோனா மரப்பட்டையும் வாசனைப் பொருட்களும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்த பரோலோ அது. 50 மில்லி போதும், கறுப்புச் சாக்லேட்டின் கசப்புக்குச் சரியான ஜோடி.

மேசையில் வாசனை மெழுகுவர்த்தி, மல்லிகைச் சரம், ஊதுபத்தி மூன்றையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். ஒயினில் இருக்கும் காய்ந்த ரோஜா அவ்வளவு மெல்லியது.

மிஞ்சினால்

பதினைந்து வயதுக்குட்பட்ட ஒயின் மிஞ்சினால் 375 மில்லி பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடிக்கலாம். சில சமயம் முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும். இருபத்தைந்து தாண்டியதை அன்றிரவே முடித்துவிடுங்கள். பாட்டிலின் அடியில் நின்ற வண்டல் ஒயினை இரவே மெல்லிய துணியில் வடித்து, மறுநாள் வெங்காயம் வதக்கும்போது ஊற்றிச் சுண்ட விடலாம். வடிக்காமல் ஊற்றினால் கசப்பு சாற்றில் இறங்கும்.